அச்சிடும் கணக்குப் பொறியும் வணிகக் கணக்கும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. வணிகத்தில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. அளந்து போட்டால் மட்டும் போதாது. அளந்ததற்குச் சான்றும் வேண்டும். மாலையில் ரொக்கத்தை எண்ணும்போது இருநூறு ரூபாய் குறைந்தால், "நான் சரியாகத்தான் கூட்டினேன்" என்ற காசாளரின் சொல் மட்டும் அவரைக் காப்பாற்றுவதில்லை. எந்தத் தொகையை எந்த வரிசையில் கூட்டினார் என்பதை அவர் காட்ட வேண்டும். அவ்வாறு காட்டுவதற்கென்றே அமைந்த கருவிதான் மேசைமீது வைத்துப் பயன்படுத்தும் அச்சிடும் கணக்குப் பொறி.

சட்டைப் பையில் அடங்கும் சிறிய கால்குலேட்டரை நாம் அனைவரும் அறிவோம். அது விடையைச் சொல்லும்; வந்த வழியைச் சொல்லாது. நாற்பது தொகைகளைக் கூட்டி முடித்தபின் திரையில் இருப்பது ஒரே ஓர் எண். இடையில் ஒரு தொகை விடுபட்டதா, இருமுறை சேர்ந்ததா என்று அறிய வழியில்லை. மீண்டும் கூட்டினால் வேறொரு விடை வரலாம்; இரண்டில் எது சரி என்று தெரியாது. அச்சிடும் பொறியோ, நாம் அழுத்திய ஒவ்வோர் எண்ணையும் அதன் குறியுடன் காகிதச் சுருளில் பதித்துக்கொண்டே செல்லும். இதனைக் கையாளும் முறையையும், இதன் துணையால் வணிகக் கணக்கில் பிழை காணும் வழியையும் சுருக்கமாகக் காண்போம்.

பொறி பிறந்த கதை

எந்திரத்தால் கூட்டும் எண்ணம் பழையது. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 1642இல், வரிக் கணக்கு அலுவலரான தம் தந்தையாரின் உழைப்பைக் குறைக்க எண்ணிப் பற்சக்கரங்களால் இயங்கும் கூட்டல் பொறியை உருவாக்கத் தொடங்கினார். ஆயினும் கூட்டுவதோடு அச்சிடவும் செய்யும் பொறி வணிக உலகில் நிலைபெற இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின.

அமெரிக்காவில் வங்கி எழுத்தராகப் பணியாற்றிய வில்லியம் பரோஸ் என்பவர் நாள்தோறும் நெடுங்கூட்டல்களில் மூழ்கி உடல் நலிந்தவர். அவர் கண்டுபிடித்த கூட்டல் பொறிக்கு 1888இல் காப்புரிமை கிடைத்தது. அவருடைய தொடக்ககாலப் பொறிகளில் ஒரு குறை இருந்தது. கைப்பிடியை வேகமாக இழுத்தால் ஒரு விடை, மெதுவாக இழுத்தால் வேறொரு விடை! கண்டுபிடித்தவர் கையில் ஒழுங்காக இயங்கியது, பிறர் கையில் தடுமாறியது. எண்ணெய் நிரம்பிய உருளை ஒன்றைப் பொருத்தி, யார் எப்படி இழுத்தாலும் உள்ளே ஒரே வேகத்தில் இயங்குமாறு அவர் அதைத் திருத்தினார். பயன்படுத்துபவரின் கையைச் சாராமல் ஒரே விடையைத் தருவதே கணக்குப் பொறியின் முதல் இலக்கணம் என்பதை இச்செய்தி நமக்கு உணர்த்துகிறது.

மின்னணுவால் முழுமையாக இயங்கிய முதல் மேசைக் கணக்குப் பொறிகள் 'அனிட்டா' என்னும் பெயரில் 1961இல் இங்கிலாந்தில் அறிமுகமாயின. அவற்றில் எண்கள் ஒளிர்ந்தன, அச்சாகவில்லை. அச்சிடும் உறுப்பைச் சிறிதாக்கிய பெருமை ஜப்பானைச் சாரும். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்கென, நேரத்தை அளந்து அச்சிடும் கருவிகளை செய்கோ குழுமம் செய்தளித்தது. அந்த அனுபவத்தின் வழியே 1968இல் அதே குழுமத்தைச் சேர்ந்த ஷின்ஷு செய்கி நிறுவனம் 'இ.பி.101' என்ற சிறு அச்சுப்பொறியை வெளியிட்டது. எண்கள் பொறித்த உருளை ஒன்று இடைவிடாது சுழல, வேண்டிய எண் நேரே வரும் கணத்தில் சிறு சுத்தி தட்டும். எண் காகிதத்தில் பதியும். உலகெங்கும் மேசைக் கணக்குப் பொறிகளில் இது இடம்பெற்றது. இதன் வழித்தோன்றல்களுக்கு 'இ.பி.யின் மகன்' என்னும் பொருளில் 1975இல் சூட்டிய பெயரே இன்று நாம் அறிந்த 'எப்சன்'.

விசைகளின் இலக்கணம்

இப்பொறியை முதன்முதலாகத் தொடுபவர் திகைப்பது கழித்தல் கணக்கில்தான். சாதாரண கால்குலேட்டரில் 500, கழித்தல் குறி, 120, சமக்குறி என்று அழுத்துகிறோம். அச்சிடும் பொறியில் குறி எண்ணுக்குப் பின்னால் வரும். 500 அழுத்திக் கூட்டல் விசை; 120 அழுத்திக் கழித்தல் விசை; இறுதியில் மொத்த விசை. விடை 380. பழைய பழக்கத்தில் 500, கழித்தல், 120, கூட்டல் என அழுத்தினால், பொறி ஐந்நூறைக் கழித்து நூற்றிருபதைக் கூட்டும். விடை −380 என்று சிவப்பு மையில் வரும். பொறி பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டா. அது தன் இலக்கணப்படி சரியாகவே நடந்துகொண்டது.

பேரேட்டு முறையோடு ஒப்பிட்டால் இவ்விலக்கணம் எளிதில் விளங்கும். பேரேட்டில் தொகையை எழுதி, அது பற்றா வரவா என்று பக்கம் பிரிக்கிறோம் அல்லவா? அதுபோலவே இங்கும் தொகை முதலில், அதன் தன்மை பின்னர். ஒரு கடையின் ஒரு நாள் விற்பனை மூன்று தொகைகள். திரும்பி வந்த சரக்கு ஒன்று என்று கொள்வோம். சுருள் இவ்வாறு அமையும்:

0.00 ✱
1,250.00 +
875.50 +
340.00 −
2,164.75 +
3,950.25 ✱

உடுக்குறி மொத்தத்தைக் குறிக்கும். மொத்த விசையை அழுத்தியதும் விடை அச்சாகி, பொறியின் உள்ளே இருந்த தொகை நீங்கிவிடும். சாய்சதுரக் குறி இடைமொத்தத்தைக் காட்டும். இதை அழுத்தினால் அதுவரை சேர்ந்த தொகை அச்சாகும்; ஆனால் நீங்காது, கூட்டல் தொடரும். இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாதவர் பக்கத்துக்குப் பக்கம் தொகை எடுத்துச் செல்லும்போது கட்டாயம் இடறுவார்.

'#' குறியிட்ட விசை கணக்கில் சேராத எண்ணை அச்சிடுவதற்கானது. தேதி, பில் எண், வாடிக்கையாளர் எண் ஆகியவற்றை இதனால் சுருளில் பதிக்கலாம். பொறி அதை அச்சிடும்; கூட்டாது. பெருமொத்த விசை, ஒவ்வொரு முறை மொத்தம் எடுக்கும்போதும் அம்மொத்தத்தைத் தனியே சேர்த்து வைத்து இறுதியில் தரும். நினைவக விசைகள் ஒரு தொகையைப் பக்கத்தில் எடுத்து வைக்க உதவும். உருப்படி எண்ணிக்கை காட்டும் வசதி உள்ள பொறியில், கையில் உள்ள வவுச்சர்களின் எண்ணிக்கையும் சுருளில் காணும் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று நொடியில் பார்த்துவிடலாம்.

பைசாவில் ஒளிந்திருக்கும் பகை

பொறியின் மேற்புறத்தில் இரண்டு சிறு நகர்த்திகள் இருக்கும். ஒன்று, தசம இடங்கள் எத்தனை என்று தீர்மானிப்பது. மற்றொன்று, மிஞ்சும் பகுதியை மேலே உயர்த்துவதா, விட்டுவிடுவதா, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் உயர்த்தி நான்கும் அதற்குக் கீழும் என்றால் விட்டுவிடுவதா என்று தீர்மானிப்பது. இவற்றைப் பாராமல் வேலையைத் தொடங்குவது, தராசின் முள்ளைப் பாராமல் சரக்கை நிறுப்பது போன்றது.

தசம நகர்த்தியில் 'கூட்டல் முறை' என ஒரு நிலை உண்டு. அதில் புள்ளி விசையைத் தொடாமலே கடைசி இரண்டு இலக்கங்களைப் பொறி பைசாவாகக் கொள்ளும். 87550 என அழுத்தினால் 875.50 ஆகும். பில்களை விரைந்து கூட்டுவோருக்கு இது பெரிய வரம். ஆனால் அந்நிலையில் 1250 ரூபாய் என்று எண்ணி 1250 மட்டும் அழுத்தினால் 12.50 என்றே பதியும். சுருள் மட்டும் இல்லையேல் இப்பிழை எவர் கண்ணிலும் படாது.

இனி ஒரு விற்பனைப் பில்லைப் போட்டுப் பார்ப்போம். 48 பொருள் 36.50 வீதம் 1,752.00, 25 பொருள் 112.40 வீதம் 2,810.00, 12 பொருள் 84.75 வீதம் 1,017.00. மொத்தம் 5,579.00. தள்ளுபடி 5 சதவீதம் 278.95. நிகரம் 5,300.05. இதற்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தடவையில் கணக்கிட்டால் 954.009, அதாவது 954.01. மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்துக் கணக்கிட்டால் ஒவ்வொன்றும் 477.0045, அதாவது 477.00. இரண்டும் சேர்ந்து 954.00. நகர்த்தி 'மேலே உயர்த்து' நிலையில் இருந்தாலோ ஒவ்வொன்றும் 477.01 ஆகி மொத்தம் 954.02. ஒரே பில்லுக்கு மூன்று விடைகள்! மூன்றிலும் பொறி தவறு செய்யவில்லை. எந்த முறை என்று முன்கூட்டியே முடிவு செய்து, எல்லாப் பில்களுக்கும் அதையே கடைப்பிடிப்பது கணக்கரின் பொறுப்பு.

எடை போட்டு விற்கும் கடையிலும் இதே சிக்கல் உண்டு. கிலோ 46.30 வீதம் 3.75 கிலோ 173.625, 2.25 கிலோ 104.175. பைசாவுக்கு உயர்த்தி எழுதினால் 173.63, 104.18, கூட்டினால் 277.81. உயர்த்தாமல் கூட்டினால் 277.80. ஒரு பைசாதானே என்று எண்ணலாம். ஆனால் இருப்பாய்வு ஒரு பைசா வேறுபட்டாலும் வேறுபாடு வேறுபாடுதான். ஒரு பைசா வேறுபாட்டின் கீழே நூறு ரூபாய்ப் பிழையும் தொண்ணூற்றொன்பது ரூபாய் தொண்ணூற்றொன்பது பைசா எதிர்ப்பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு கிடக்கலாம் என்பதைத் தணிக்கையாளர் அறிவர்.

விழுக்காடு விரிக்கும் வலை

வணிகத்தில் நட்டத்தை அழைத்து வரும் விசை விழுக்காட்டு விசையே எனலாம். அடக்க விலை 80 ரூபாய். 25 சதவீத இலாபம் வேண்டும். அடக்க விலைமீது 25 சதவீதம் என்றால் விற்பனை விலை 100 ரூபாய். விற்பனை விலைமீது 25 சதவீதம் என்றால் 80ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும், விலை 106.67. நூறு ரூபாய் என விலை குறித்துவிட்டு, "25 சதவீதம் இலாபம் இருக்கிறதே, அதை அப்படியே தள்ளுபடியாகக் கொடுத்துவிடலாம்" என்று 25 சதவீதம் குறைத்தால் கையில் வருவது 75 ரூபாய். அசலிலேயே 5 ரூபாய் போயிற்று.

பல பொறிகளில் இலாப விலை காண்பதற்கென்றே தனி விசை உண்டு. அது எந்த அடிப்படையில் கணக்கிடுகிறது என்பது பொறிக்குப் பொறி மாறக்கூடும். விடை தெரிந்த கணக்கு ஒன்றை, அதாவது மேலே கண்ட 80ஐயே, அதில் போட்டுப் பார்த்தபின் பயன்படுத்துவதே அறிவுடைமை.

வரி உட்பட்ட விலையிலிருந்து வரியைப் பிரிப்பதும் இத்தகையதே. 1,180 ரூபாயில் 18 சதவீத வரி அடங்கியுள்ளது என்றால் அடிப்படை விலை 1,000. ஆனால் 1,180இல் 18 சதவீதத்தைக் கழித்தால் 967.60 வரும். வேறுபாடு 32.40. வரி நீக்கும் விசையானது வீதத்தை முன்னரே பதிந்து வைத்திருந்தால், 1.18ஆல் வகுத்துச் சரியான விடையைத் தரும். வீதம் மாறும்போது பழைய வீதத்தை மாற்ற மறந்தால் அந்த விசையே நமக்குப் பகையாகும்.

சுருளைக் கொண்டு பிழை காணல்

கூட்டல் முடிந்ததும் சுருளைக் கிழித்து வவுச்சர்களுக்கு அருகே வைத்து, ஒவ்வொரு வரியாகக் குறியிட்டு ஒப்பிடுவதே முறையான சரிபார்ப்பு. மீண்டும் ஒருமுறை கூட்டுவது சரிபார்ப்பு ஆகாது. ஒரே கண், ஒரே கை, ஒரே பிழையை மறுமுறையும் செய்யக்கூடும்.

பேரேட்டு மொத்தமும் சுருள் மொத்தமும் வேறுபட்டால் முதலில் வேறுபாட்டை ஆராய வேண்டும். வேறுபாடு ஏதேனும் ஒரு தொகைக்குச் சமமாயின் அத்தொகை விடுபட்டிருக்கலாம், அல்லது இருமுறை சேர்ந்திருக்கலாம். வேறுபாட்டின் பாதி ஒரு தொகைக்குச் சமமாயின், கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கலாம். வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், அல்லது ஒரு சுழியம் கூடியோ குறைந்தோ இருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, சுருளில் 18,462, பேரேட்டில் 18,282. வேறுபாடு 180. ஒன்பதால் வகுத்தால் 20. இலக்க மாற்றமாயின், நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறியிருக்க வேண்டும். அவ்விரு இலக்கங்களின் வேறுபாடு 2 ஆக இருக்க வேண்டும். அத்தகைய தொகையைச் சுருளில் தேடினால் 4,572க்குப் பதில் 4,752 என்று பதிந்திருப்பது கண்ணில் படும். அரை நாள் வேலை ஐந்து நிமிடத்தில் முடிகிறது. சுருள் இல்லாதவருக்கு இத்தேடல் இயலாது. ஏனெனில் தேடுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

குறுக்குக் கூட்டலுக்கும் இப்பொறி ஏற்றது. மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் மூன்று நாட்களின் நோட்டுப் புத்தக விற்பனை 420, 385, 510. பேனா விற்பனை 96, 120, 84 என்று கொள்வோம். வரிசை வாரியாக 1,315, 300 எனும் மொத்தங்களை எடுத்துப் பெருமொத்த விசையை அழுத்தினால் 1,615. நாள் வாரியாக 516, 505, 594 என்று எடுத்தாலும் 1,615. இரு வழியும் ஓரிடத்தில் சந்தித்தால் கூட்டலில் பிழையில்லை எனத் துணியலாம்.

சுருள் சான்றாக நிற்க வேண்டுமானால்

சுருள் சான்று என்பது உண்மை. ஆனால் எல்லாச் சுருளும் சான்று அல்ல. முன் பக்கத்தில் காட்டிய சுருளின் தலையில் 0.00 ✱ என்று இருந்ததை நண்பர்கள் கவனித்திருக்கலாம். அது வீண் வரி அன்று. கூட்டலைத் தொடங்குமுன் பொறியில் பழைய தொகை எதுவும் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. அந்த வரி கிழிந்துபோன சுருளில், முன்னரே உள்ளே இருந்த ஒரு தொகை மொத்தத்தில் கலந்திருக்கலாம். அதுபோலவே இறுதியில் சாய்சதுரக் குறி இருக்குமாயின் அது மொத்தம் அன்று, இடைமொத்தமே. கூட்டல் அங்கே முடிந்துவிடவில்லை என்பதே அதன் பொருள்.

ஆகவே தலைப்பில் சுழியம், '#' விசையால் தேதி, இறுதியில் உடுக்குறி, கூட்டியவரின் கையொப்பம் ஆகிய நான்கும் உள்ள சுருளை வவுச்சர்க் கட்டோடு இணைத்து வைப்பது நல்ல அலுவலக வழக்கம். மற்றொன்றும் நினைவில் கொள்ளத் தக்கது. சுருள் கூட்டலுக்குத்தான் சாட்சி. வவுச்சரின் உண்மைக்குச் சாட்சி அன்று. பொய்யான பில்லையும் பொறி பிழையின்றிக் கூட்டும்.

காகிதச் சுருள் பெரும்பாலும் 57 மில்லிமீட்டர் அகலம். மை உருளை அல்லது நாடா கொண்டு அச்சிடும் பொறிகளில் கூட்டல் கறுப்பாகவும் கழித்தல் சிவப்பாகவும் விழும். மை வற்றினால் வண்ணம் மங்கும். கழித்தல் குறியும் தெளிவின்றிப் போகும். வெப்பத்தால் அச்சிடும் பொறிகள் ஓசையின்றி இயங்கும். ஆனால் அவற்றின் காகிதம் வெயிலிலும் வெப்பத்திலும் நாளடைவில் வெளுத்துவிடும். பல ஆண்டுகள் காக்க வேண்டிய சான்றை நகலெடுத்து வைப்பதே முறை.

கணினி வந்த பின்னும்

1984இல் ரங்கராஜன் குழு அறிக்கை அளித்த காலத்திலிருந்து நம் நாட்டு வங்கிகளில் கணினி படிப்படியாக நுழைந்தது. இன்று சிறு கடையிலும் பில் போடும் மென்பொருள் இருக்கிறது. இருந்தும் கேசியோ, கேனன், ஷார்ப் முதலிய நிறுவனங்கள் அச்சிடும் கணக்குப் பொறிகளை இன்றும் விற்கின்றன. காரணம் பழமைப் பற்று மட்டும் அன்று. கணினித் திரையில் தோன்றும் மொத்தம் எப்படி வந்தது என்பது, அதைப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை என்பதே.

இதன் விலை எவ்வளவு என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடம். அங்கு அஞ்சல் நிலையங்களின் கணக்கு 1999 முதல் 'ஹொரைசன்' என்னும் கணினி முறைக்கு மாறியது. இல்லாத பற்றாக்குறைகளை அது காட்டியது. சிறு அஞ்சல் நிலையங்களை நடத்தியோர் தம் பணத்தைப் போட்டு ஈடுகட்டினர். 1999க்கும் 2015க்கும் இடையில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர்; சிலர் சிறை சென்றனர். அம்முறையில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது; தண்டனைகளை நீக்க 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. இத்துயரை ஒரு காகிதச் சுருள் தடுத்திருக்கும் என்று கூறுவது மிகை. ஆனால் திரையில் தோன்றிய தொகை எங்கிருந்து வந்தது என்று காண அவர்களுக்கு வழி இருக்கவில்லை. பொறியின் சொல்லே சான்றாகக் கொள்ளப்பட்டது என்பது நாம் மறக்கக்கூடாத செய்தி.

நம்மில் பலர் பட்டம் பெற்றபின் வங்கியிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, தணிக்கை அலுவலகத்திலோ, தந்தையின் கடையிலோ கணக்கின்முன் அமரப் போகிறவர்கள். அங்கு நமக்குக் கிடைப்பது அச்சிடும் பொறியாக இருக்கலாம், கணினியாக இருக்கலாம், பென்சிலும் தாளுமாகவும் இருக்கலாம். கருவி எதுவாயினும் சுழியத்திலிருந்து தொடங்குவது, ஒவ்வொரு தொகையையும் அதன் குறியோடு பதிவது, வந்த வழியைக் காட்டும் சான்றைக் கையொப்பமிட்டுக் காப்பது என்னும் மூன்றும் மாறா. விடை சரியாக இருந்தால் முதலாளி மகிழ்வார். வழியும் எழுத்தில் இருந்தால், விடை தவறாகிப்போன நாளிலும் கணக்கர் நிமிர்ந்து நின்று பதில் சொல்லலாம்.